முதல் நான்கு வாரத்தை எப்படிச் செலவிடுவது? கோடிங் பயிற்சி தொடங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளி பாலத்தைச் சுற்றியும் இருக்கும் கோடிங் பயிற்சி மையங்களின் பலகைகளில் ஒரே பாடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஜாவா ஃபுல் ஸ்டாக், பைத்தான் ஃபுல் ஸ்டாக், மெர்ன் ஸ்டாக், ஆட்டோமேஷன் டெஸ்டிங், டேட்டா சயின்ஸ். மூன்று மாதம், நான்கு மாதம், ஆறு மாதம். பத்து மையங்களின் சிலபஸ் தாளை வாங்கி அடுக்கிப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அங்கே படித்து முடித்து வரும் பிள்ளைகளுக்குள் மலையளவு வித்தியாசம் இருக்கிறது. ஒருவர் புதிதாக ஒரு புரோகிராம் கோடைக் காட்டினால் அமைதியாகப் படித்து, இது இப்படிப் போகும் என்று விரல் வைத்துச் சொல்கிறார். இன்னொருவர் அதே மூன்று மாதத்தை முடித்துவிட்டு, ப்ராஜெக்ட் சர்டிபிகேட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஒரு சாதாரண லூப்புக்கு முன்னால் தடுமாறி நிற்கிறார்.

நான் பகலில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், புதியவர்களுக்கு இன்டர்வியூ எடுக்கிறேன், வார இறுதியில் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். அல்சூரிலும் விவேக் நகரிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் நம் ஆட்கள் பலர், ஊரிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்காகச் சிறிதாக ஒரு பேட்ச் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, எந்த மொழி சொல்லிக்கொடுப்பது, எத்தனை மாதம் வைப்பது என்றுதான். இரண்டும் அவசியமான கேள்விகளே. ஆனால் முதல் நான்கு வாரம் எந்த முறையில் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்பதை அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டும். அஸ்திவாரம் போடுகிற இடம் அதுதான். ஐந்தாவது வாரத்தில் ஆப் கட்ட உதவும் ஸ்ப்ரிங், ரியாக்ட் போன்ற பெரிய கருவிகள் வந்துவிட்டால் திரும்பிப் போய்ச் சரிசெய்ய யாருக்கும் நேரம் கிடைக்காது.

நம்முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஸ்லைடு வைத்து விளக்கிவிட்டுப் பயிற்சிக் கணக்கு கொடுப்பது ஒன்று. ட்ரெயினர் எல்லோர் கண்முன்னாலும் டைப் செய்து காட்டும் லைவ் கோடிங் இரண்டாவது. முதல் நாளிலேயே ப்ராஜெக்டில் இறக்கிவிடுவது மூன்றாவது. கோடைப் படிக்கவைத்து, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவைத்து, பிறகு மாற்றி எழுதவைப்பது நான்காவது.

இவற்றை ஒப்பிட வேண்டுமானால் எதை வைத்து அளப்பது என்று முதலில் தெரிய வேண்டும். 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு நான்கு பல்கலைக்கழகங்களில் தொடக்க நிலை புரோகிராமிங் படித்த 216 மாணவர்களுக்கு ஒரு கால்குலேட்டர் எழுதும் வேலையைக் கொடுத்தது. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் எடுத்த சராசரி 23-ஐக்கூடத் தொடவில்லை. பாடம் படித்துத் தேறியவர்களால் ஏன் எழுத முடியவில்லை என்ற கேள்வி எல்லோரையும் உலுக்கியது. கணக்கைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து யோசிக்கத் தெரியவில்லை என்பதுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் வேறு சிலரும் ஏழு நாடுகளில் இன்னும் எளிமையான ஒன்றைச் சோதித்தார்கள். எழுதவே வேண்டாம், சின்னக் கோடு ஒன்றைத் தருகிறோம், ஓடவிட்டால் என்ன விடை வரும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அதிலும் கணிசமானவர்கள் தடுமாறினார்கள். யோசனைத் திறன் என்று பேசுவதற்கு முன்னாலேயே, மெஷின் ஒரு வரியைப் படித்தால் என்ன செய்கிறது என்ற படம் அவர்கள் மனதில் இல்லை.

இந்த மனப்படத்தைப் பற்றி பெனெடிக்ட் டு புலே என்ற ஆய்வாளர் 1980-களிலேயே எழுதியிருக்கிறார். ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயரான வேரியபிள் எங்கே இருக்கிறது, ஒரு வேலைக்கான வரிகளைச் சேர்த்துவைத்த ஃபங்ஷனைக் கூப்பிட்டால் மெஷின் எந்த வரிக்குப் போய் எங்கே திரும்புகிறது, லூப் எப்போது நிற்கிறது என்று நமக்குள் ஓடும் ஒரு கற்பனை மெஷின் அது. அனுபவசாலிக்கு அது தானாக ஓடுகிறது, அதனால்தான் அது இருப்பதையே அவர் மறந்துவிடுகிறார். புதியவருக்கு அதை யாராவது கட்டித்தர வேண்டும். என் அளவுகோல் இதுதான்: நான்காவது வாரம் முடியும்போது, இதுவரை பார்க்காத பத்து வரிக் கோடைக் கொடுத்தால், ரன் பட்டனைத் தொடாமல் என்ன நடக்கும் என்று சொல்ல முடிகிறதா? தப்பாகச் சொல்லிவிட்டால், எந்த வரியில் தன் கணிப்பு தவறியது என்று கண்டுபிடிக்க முடிகிறதா?

வருபவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதிகம். மெக்கானிக்கல், சிவில், ஈ.சி.ஈ. முடித்தவர்கள், பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்கள். கல்லூரியில் சி புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் எழுதி, லேப் தேர்வுக்கு முன்னாடி மனப்பாடம் செய்தவர்கள். பிஜி எனப்படும் தங்கும் விடுதிக்கான வாடகை மாதாமாதம் வீட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு மாதமும் அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்ற அழுத்தம் அவர்கள் முகத்திலேயே தெரியும். ஆகவே நேரத்தை வீணடிக்கும் எந்த முறையும் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்லைடு முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறுபது எழுபது பேர் உட்காரும் பேட்ச்சுக்கு வசதி, ட்ரெயினர் மாறினாலும் பாடம் மாறாது, செலவும் குறைவு. டேட்டாபேஸ் அட்டவணைகளை இணைக்கும் எஸ்.க்யூ.எல். ஜாயின் வகைகள், இணைய சர்வர் பதிலோடு அனுப்பும் எச்.டி.டி.பி. ஸ்டேட்டஸ் எண்கள் போல ஒரு பார்வையில் மொத்தமாகத் தெரிய வேண்டியவற்றுக்கு நல்லது. ஆனால் ஸ்லைடில் இருக்கும் கோடு எப்போதும் முடிந்துபோன கோடு. அதில் எரர் வராது, யோசித்து அழித்த வரி இருக்காது. பார்த்துத் தலையாட்டியவர் தனியாக உட்காரும்போது எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் விழிக்கிறார். முதல் மாதத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லைவ் கோடிங் இதைவிட எவ்வளவோ மேல். போட்டு முடித்த கோலத்தைப் பார்ப்பதற்கும், புள்ளி வைத்து எந்த இழையை முதலில் இழுத்தார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ட்ரெயினர் காலியான ஃபைலில் தொடங்குகிறார். ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கிறார், பிடிக்காமல் மாற்றுகிறார், செமிகோலனை விட்டுவிடுகிறார், சிவப்பில் எரர் வருகிறது. அந்த எரரைச் சத்தமாகப் படித்து, எந்த வரி எண் சொல்கிறது பாருங்கள், அதற்கு முந்தின வரியையும் பாருங்கள் என்று சொல்கிறார். மாணவர்களுக்கு அதுவரை எரர் என்றால் அவமானம். அனுபவசாலிக்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, அவர் அதைப் படித்துவிட்டு நகர்கிறார் என்று கண்ணால் பார்ப்பது பெரிய விடுதலை.

விஞ்ஞானிகளுக்கு புரோகிராமிங் சொல்லித்தர 1998-இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி வகுப்புகளில் லைவ் கோடிங்தான் முதுகெலும்பு. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய எளிய பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டும் சீட்டு. வேலை முடிந்தால் பச்சையை லேப்டாப் மேல் ஒட்ட வேண்டும், சிக்கிக்கொண்டால் சிவப்பை. கை தூக்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு உதவும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சீட்டைப் பார்த்தால் எட்டுச் சிவப்பு தெரியும்.

ஆனால் லைவ் கோடிங்கில் ஒரு பொறி இருக்கிறது. ட்ரெயினர் டைப் செய்வதைப் பார்த்து எல்லோரும் டைப் செய்கிறார்கள். விடை வந்துவிடுகிறது. தனக்குப் புரிந்துவிட்டது என்ற நிறைவு கிடைக்கிறது. உண்மையில் விரல்தான் வேலை செய்திருக்கிறது. மறுநாள் காலை அதே கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் பாதிப் பேர் நேற்றைய ஃபைலைத் திறந்து தேடுகிறார்கள். வேகமும் ஒரு சிக்கல்: டைப்பிங் பழக்கம் இல்லாதவர் ஒரு அடைப்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கும்போது வகுப்பு நாலு வரி தாண்டிவிடும். அதனால் லைவ் கோடிங்கைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வைத்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் மாணவர்கள் கீபோர்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்து ப்ராஜெக்ட். கேட்பவர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது, விற்பவர்களுக்கும் இதுதான் பிடிக்கும். முதல் நாளே ஓர் ஆப் கட்டுங்கள், தேவைப்படும்போது தேவையானதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. உற்சாகம் இருக்கும், ரெஸ்யூமேயில் போட ஒரு வரி கிடைக்கும், கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அன்றாட வேலையைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் நிறையும். 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப், குறுகிய காலத் தீவிரப் பயிற்சிக்குப் பெயர் வாங்கித் தந்த முன்னோடிகளில் ஒன்று. 2017 இறுதியில் அது மூடப்பட்டாலும், சில மாதத்தில் ஆளைத் தயாரித்துவிடலாம் என்ற அந்த மாதிரியின் ஆசை உலகெங்கும் பரவி நம் மாரத்தஹள்ளிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பாரிஸில் 2013-இல் தொடங்கிய 42 என்ற பள்ளி இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியரே இல்லாமல் மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து ப்ராஜெக்ட் செய்து முன்னேறும் முறையை வைத்திருக்கிறது.

42-ஐ உதாரணம் காட்டி நம் ஊரில் பேசுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே சேருவதற்கு முன் நான்கு வாரம் கடுமையான தேர்வுக் காலம் உண்டு, அதைத் தாண்டுகிறவர்கள்தான் உள்ளே போகிறார்கள். தன்னால் தேடிக் கற்க முடியும் என்று நிரூபித்தவர்களுக்கான முறை அது. நம் பேட்ச்சில் சேருபவர் அப்படி வடிகட்டி எடுக்கப்பட்டவர் அல்ல. அவருக்கு வேரியபிள் என்பதே இப்போதுதான் அறிமுகம்.

இங்கேதான் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரின் ஆராய்ச்சி உதவுகிறது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடிய விஷயங்களுக்கு வரம்பு உண்டு. புதியவரைத் திறந்தவெளியில் கணக்கைத் தீர்க்கச் சொன்னால், அவருடைய கவனம் முழுக்க விடையைத் தேடுவதிலேயே செலவாகிவிடும், கற்பதற்கு மிச்சம் இருக்காது. 1985-இல் அவரும் கிரஹாம் கூப்பரும் அல்ஜீப்ராவில் செய்த சோதனைகளில், தீர்த்துவைத்த எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்கள், எடுத்த எடுப்பிலேயே தாங்களே தீர்க்க முயன்றவர்களைவிட விரைவாகக் கற்றார்கள். முதல் வாரத்தில் ப்ராஜெக்ட் செய்யும் பையனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது அப்படியே தெரியும். நோட் ஜேஎஸ் மென்பொருள் இன்ஸ்டால் ஆகவில்லை, போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது, சி.எஸ்.எஸ். சேரவில்லை, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தப்பு. மாலை வரை போராடியிருப்பார். லூப்பைப் பற்றியும் ஃபங்ஷனைப் பற்றியும் அன்று அவர் கற்றது ஒன்றும் இருக்காது.

இன்டர்வியூ மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதையும் சொல்கிறேன். ரெஸ்யூமேயில் ஷாப்பிங் ஆப் இருக்கிறது. நன்றாகப் பேசுகிறார். கார்ட்டில் ஒரே பொருளை இரண்டு முறை சேர்த்தால் எண்ணிக்கை மட்டும் கூட வேண்டும், எந்த ஃபங்ஷனை மாற்றுவீர்கள் என்று கேட்கிறேன். ஃபைல்களை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்கிறார். அது வீடியோவைப் பார்த்து அப்படியே கட்டிய ஆப். பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நான்கு மாதம் உழைத்தவர் அவர். அந்த உழைப்பை இப்படிச் செலவழிக்க வைத்த திட்டத்தின் மேல்தான் கோபம் வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை இன்னும் மாறிவிட்டது. அப்படிப்பட்ட ஆப்பை ஏ.ஐ. கருவி மாலைக்குள் எழுதித் தந்துவிடும். ஆகவே ப்ராஜெக்ட் இருக்கிறது என்பது இப்போது எதற்கும் அத்தாட்சி அல்ல. அந்தக் கருவி எழுதித் தந்ததைப் படித்து, இந்த இடத்தில் தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை. அதாவது, படிக்கும் திறமைக்கு முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

அதனால்தான் நான்காவது வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தில் சூ சென்டன்ஸும் அவருடைய குழுவினரும் பள்ளி ஆசிரியர்களுக்காக ப்ரிம் என்ற பெயரில் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஐந்து படிகள்: கணி, ஓடவிடு, ஆராய், மாற்று, உருவாக்கு. பள்ளிக்காக வந்த முறைதான், ஆனால் இருபத்திரண்டு வயதுக்காரருக்கும் முதல் மாதத்தில் அப்படியே பொருந்துகிறது.

ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். போர்டில் பைத்தானில் நான்கே வரி. மார்க் என்று ஒரு லிஸ்ட், அதில் 40, 50, 60. அடுத்த வரியில் காப்பி என்ற வேரியபிளுக்கு மார்க்கை அசைன் செய்கிறோம். மூன்றாவது வரியில் காப்பியில் 70-ஐச் சேர்க்கிறோம். நான்காவது வரி மார்க்கைப் பிரிண்ட் செய்கிறது. லேப்டாப் எல்லாம் மூடியிருக்கிறது. தாளில் விடையை எழுதுங்கள் என்று சொல்கிறேன். பிறகு எத்தனை பேர் மூன்று எண் என்கிறார்கள், எத்தனை பேர் நான்கு எண் என்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்கிறேன். பெரும்பாலும் முக்கால்வாசிப் பேர் மூன்று எண் என்பார்கள். இப்போது பக்கத்தில் வேறு விடை எழுதியவரிடம் உங்கள் விடை ஏன் சரி என்று பேசிப் புரியவையுங்கள் என்கிறேன். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிடும். "காப்பிதானே எடுத்தோம், அப்ப மார்க் எப்படி மாறும்?" என்று ஒருத்தர். "காப்பின்னு பேருதான் வச்சிருக்கோம், எங்கயாவது காப்பி எடுத்தோமா?" என்று இன்னொரு தங்கை. அந்தக் கேள்வி வந்துவிட்டால் என் வேலை பாதி முடிந்தது.

அதன்பின் ஓடவிடுகிறோம், 40, 50, 60, 70 என்று வருகிறது. "என்னண்ணா இது!" என்று ஒரு சத்தம் எழும். உடனே போர்டில் ஒரு பெட்டி வரைந்து லிஸ்டை உள்ளே போட்டு, மார்க்கிலிருந்து ஓர் அம்புக்குறி, காப்பியிலிருந்து ஓர் அம்புக்குறி, இரண்டும் அதே பெட்டிக்குப் போவதைக் காட்டுகிறேன். பிலிப் குவோ 2010-இல் தொடங்கிய பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளத்தில் அதே கோடைப் போட்டால், ஒவ்வொரு வரிக்கும் இந்தப் பெட்டியும் அம்பும் தானாக வரைந்து வரும். ஜாவா, சி, ஜாவாஸ்கிரிப்டுக்கும் அது வேலை செய்யும். அடுத்து மாற்றும் படி: மார்க் மாறாமல் இருக்க இரண்டாவது வரியை எப்படி மாற்றுவீர்கள்? அதற்குப் பிறகுதான் உருவாக்கும் படி, அவர்களே புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதுவது. இப்படிக் கற்றவருக்கு மூன்று மாதம் கழித்து ரியாக்டில் ஸ்டேட்டை, அதாவது ஆப் நினைவில் வைத்திருக்கும் தகவலை, நேரடியாக மாற்றாதே, புதிதாக ஒன்றைச் செய்து கொடு என்று சொல்லும்போது காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவைப்பது ஹார்வர்டில் இயற்பியல் சொல்லித்தந்த எரிக் மஸூர் 1990-களில் பரப்பிய முறை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லியோ போர்ட்டரும் மற்றவர்களும் இதை நான்கு கணினிப் பாடங்களில் பயன்படுத்தி, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தோல்வியடைந்தவர்களின் விகிதம் பாதிக்கும் கீழே போயிருந்தது. இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். நல்ல கேள்வி வேண்டும், அவ்வளவுதான்.

எழுதவே தயங்குபவர்களுக்கு இன்னொன்று கைகொடுக்கும். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பட்ரீஷியா ஹேடனும் 2006-இல் அறிமுகம் செய்த புதிர் முறை. சரியான புரோகிராமின் வரிகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டாக வெட்டிக் கலைத்துக் கொடுத்துவிட வேண்டும், கூடவே தேவையில்லாத இரண்டு மூன்று வரியையும் சேர்க்கலாம். மேஜையில் வைத்து வரிசைப்படுத்த வேண்டும், உள்தள்ளலும் சரியாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து நான்கு வரை கூட்டும் லூப்பில் பிரிண்ட் வரி உள்ளே தள்ளி இருந்தால் 1, 3, 6, 10 என்று நான்கு விடை, வெளியே இருந்தால் 10 மட்டும். சீட்டை ஒரு விரல் நகர்த்தினால் விடை மாறுகிறது என்று கையால் உணர்கிறார்கள். பிரிண்டர் இல்லாவிட்டால் கையாலேயே எழுதி வெட்டலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்த முறையில் ட்ரெயினருக்குத்தான் பாரம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைக் குறிவைத்து இருக்க வேண்டும்: ரிட்டர்னும் பிரிண்டும் ஒன்று என்ற எண்ணம், ரேஞ்சில் கடைசி எண்ணும் சேரும் என்ற எண்ணம், சமக்குறி என்றால் கணக்கில் வரும் சமம் என்ற எண்ணம், ஃபங்ஷனை எழுதிவைத்தாலே அது ஓடிவிடும் என்ற எண்ணம். இப்படி நாற்பது ஐம்பது கேள்வி கையில் இல்லாமல் வகுப்பைத் தொடங்கவே கூடாது. முப்பது பேருக்கு மேல் போனால் வாதம் கூச்சலாகிவிடும். மாணவர்களும் பொறுமை இழப்பார்கள். இரண்டாவது வாரத்தில் "எப்பண்ணா ப்ராஜெக்ட்? பக்கத்து இன்ஸ்டிட்யூட்ல லாகின் பேஜே போட்டுட்டாங்க" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். நியாயமான பதற்றம்தான். அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணுக்குத் தெரியும் சின்னப் பொருள் ஒன்றை அவர்கள் கையால் முடிக்கவைக்க வேண்டும். பிஜியில் நான்கு பேர் மளிகைச் செலவைப் பங்கு பிரிக்கும் கணக்கு, மெட்ரோ கட்டணம் பார்க்கும் கணக்கு போல அரைநாளில் முடிவது எதுவும் போதும்.

எந்த மொழியில் பேசுவது என்பது இந்த ஊரில் பெரிய விஷயம். தமிழ் பேட்ச் என்று சொல்லித் தொடங்கினாலும், ரூம்மேட் என்று ஒரு கன்னடப் பிள்ளையோ தெலுங்குப் பிள்ளையோ வந்து சேர்ந்துவிடும், வரவேற்கத்தான் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால் கணிக்கும் படியே செத்துவிடுகிறது. தப்பான விடையோடு தப்பான ஆங்கிலமும் சேருமே என்று வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே வாதாடுவது அவரவர் மொழியில். அதன்பின் ஜோடியில் ஒருவர் எழுந்து, தங்கள் முடிவை ஆங்கிலத்தில் மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும். புரிந்துகொண்டதைச் சொல்லும்போது அவர்களுடைய ஆங்கிலம் தானாகவே நேராவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் படிக்க, கணியம் அறக்கட்டளை வெளியிட்டிருக்கும் தமிழ்க் கணினி நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய பைத்தான் பாடமும் கிடைக்கிறது. வேகம் சற்று அதிகம்தான் என்றாலும் தெளிவு அருமை.

முதல் மொழியாகப் பைத்தானா ஜாவாவா என்ற சண்டைக்குள் நான் நீண்ட நேரம் நிற்க விரும்பவில்லை. பெங்களூரின் சர்வீஸ் கம்பெனிகளில் ஜாவாவுக்குத் தேவை நிறைய இருக்கிறது, அதனால் ஜாவாவில் முடிவது நியாயம். தொடக்கம் மட்டும் பைத்தானில் இருக்கட்டும் என்பேன். ஜாவாவில் முதல் நாளே பப்ளிக், ஸ்டாடிக், வாய்டு என்று விளக்கம் இல்லாத சொற்களை மனப்பாடம் செய்யவைக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் அந்தச் சடங்கு இல்லாமலேயே சின்ன புரோகிராம் எழுதலாம். நேராக ஜாவாவில் தொடங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் அந்தப் பதிப்பையே பயன்படுத்துவது நல்லது.

என் தேர்வு இதுதான். முதல் நான்கு வாரம் கணித்துப் படிக்கும் முறை, அதற்குள் புதுக் கருத்தை அறிமுகப்படுத்த மட்டும் சின்னச் சின்ன லைவ் கோடிங். ஐந்தாவது வாரத்திலிருந்து இருவர் இருவராக ப்ராஜெக்ட், ஒரே லேப்டாப், அரைமணிக்கு ஒருமுறை கீபோர்டு கை மாற வேண்டும். ஸ்லைடு மேற்சொன்ன பட்டியல் வகைகளுக்கு மட்டும்.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை. ஏற்கனவே வேலையில் இருந்து, மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து ஆட்டோமேஷனுக்கு மாற வருபவர்களை லிஸ்டும் அம்புக்குறியும் வரைந்து உட்காரவைத்தால் சலித்துப்போவார்கள். தொடக்கநிலையில் உதவிய கைத்தாங்கல் அனுபவம் வந்தபின் தடையாகிவிடும் என்பது ஸ்வெல்லரோடு பணியாற்றிய ஸ்லாவா கல்யுகாவின் ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு வாரம் லைவ் கோடிங், இரண்டாவது வாரமே ப்ராஜெக்ட். ஒரே ட்ரெயினர், எண்பது பேர் என்ற நிலை என்றால், ஸ்லைடை விடமுடியாது. அப்போதும் ஒவ்வொரு மூன்று ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு கணிப்புக் கேள்வியை வைத்து, கை தூக்கவைத்து, இரண்டு நிமிடம் பேசவிட முடியும். வார இறுதி மட்டும் நடக்கும் பேட்ச் என்றால் நான்கு வாரம் என்பதை எட்டாக நீட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஐந்து நாள் இடைவெளி விழுவதால், சனிக்கிழமை காலை முதல் இருபது நிமிடம் போன வாரக் கோடைப் பார்க்காமல் தாளில் எழுதவைப்பது கட்டாயம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பதுதான் நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள்.

எங்கே சேருவது என்று தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிக்கக்கூடும். டெமோ கிளாஸ் மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், அது டெமோவுக்காகவே தயாரித்தது. மூன்றாவது வாரத்தில் இருக்கும் ஒரு பேட்ச்சில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ட்ரெயினர் ரன் பட்டனை அழுத்துவதற்கு முன் என்ன வரும் என்று கேட்கிறாரா, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா, தப்பாகச் சொன்னவரை எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். வகுப்பு முடிந்ததும் அங்கே படிக்கும் யாராவது ஒருவரிடம், இன்று போர்டில் எழுதிய கோடில் ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அனுமதி மறுத்தார்கள் என்றால் அடுத்த மையத்துக்குப் போங்கள். பி.டி.எம்.மில் ஒரே தெருவில் இன்னும் நாலு இருக்கும்.

பேட்ச் தொடங்கப் போகும் நண்பர்கள் நான்காவது வார வெள்ளிக்கிழமைத் தேர்வை இப்போதே தயாரித்துவிடுங்கள், பாடத்தை அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடலாம். மூன்று கேள்வி போதும். பார்க்காத பத்து வரிக் கோடு ஒன்று, ஒவ்வொரு வரியிலும் வேரியபிளின் மதிப்பைப் பெட்டி போட்டு எழுத வேண்டும். ஒரு பிழை உள்ள ஃபங்ஷன் ஒன்று, பிழையைக் கண்டுபிடித்து ஏன் அது பிழை என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். மூன்றாவது, காலித் தாளில் தாங்களே எழுத வேண்டிய சின்ன ஃபங்ஷன். முதல் இரண்டிலும் தேறாதவர்களை ப்ராஜெக்டுக்கு அனுப்பாமல், இன்னும் ஒரு வாரம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்க வேண்டாம்.